யு.எஸ். நேவல் அப்சர்வேட்டரியின் நேரமும் நட்சத்திரக் கணக்கும்: எது கைகொடுக்கும், எங்கே சறுக்கும்

வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் 1830-ல் கடல் வரைபடங்களையும் குரோனோமீட்டர்களையும் (துல்லியமான கப்பல் கடிகாரங்கள்) பராமரிக்கும் கிடங்காகத் தொடங்கியது. இன்றும் வேலை பெரிதாக மாறவில்லை. அமெரிக்க ராணுவத்துக்கு அதிகாரபூர்வ நேரம் சொல்வது, நட்சத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று அளந்து சொல்வது, பூமி எவ்வளவு தடுமாறிச் சுற்றுகிறது என்று கணக்கு வைப்பது ஆகிய மூன்றும் இங்கேதான் நடக்கின்றன. ராணுவத்துக்காகச் செய்யப்படும் இந்த வேலையில் பெரும்பகுதி பொதுமக்களுக்கும் திறந்தே இருக்கிறது. ஜிபிஎஸ் வழி நேரம், என்டிபி சர்வர்கள் (இணையம் வழியே கணினிகளுக்கு நேரம் சொல்பவை), நாட்டிகல் அல்மனாக் (கடலோடிகளுக்கான விண்பொருள் அட்டவணைப் புத்தகம்), இணையத்தில் நட்சத்திர அட்டவணை, புல்லட்டின் ஏ (பூமிச் சுழற்சி அறிக்கை), நோவாஸ் மென்பொருள் (விண்பொருள்களின் இடத்தைக் கணக்கிடுவது) என்று பட்டியல் நீளும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இவர்கள் தரும் எண்களில் குறை காண இடமில்லை. சிக்கல் எல்லாம் ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில்தான். கடிகாரம் ஒரு வகை நேரத்தைத் தருகிறது, அட்டவணை வேறொரு வகை நேரத்தைக் கேட்கிறது, ஜிபிஎஸ் கருவி மூன்றாவதாக ஒன்றைக் காட்டுகிறது. மூன்றையும் ஒன்றென்று நினைத்தால் கப்பல் வரைபடத்தில் மைல் கணக்கில் தள்ளிப்போய் உட்கார்ந்திருக்கும்.

அடிப்படைக் கணக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிது. ஒரு விநாடி நேரப்பிழை தீர்க்கரேகையில் 0.25 கோண நிமிடம். பூமத்திய ரேகையில் அது கால் கடல் மைல், அதாவது சுமார் 465 மீட்டர். நான்கு விநாடிக்கு ஒரு மைல்.

முதலில் கடிகாரம். மாஸ்டர் கிளாக் என்ற பெயரைக் கேட்டு ஒற்றைக் கடிகாரம் என்று நினைக்க வேண்டாம். சீசியம் கடிகாரங்கள், ஹைட்ரஜன் மேசர்கள், ருபீடியம் ஃபவுண்டன்கள் என்ற வெவ்வேறு வகை அணுக்கடிகாரங்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நம்பகத்தன்மைக்கு ஏற்ப எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். மேசர் குறுகிய நேரத்தில் அசையாமல் நிற்கும், நாட்கள் போனால் மெல்ல நழுவும். சீசியம் நொடிக்கு நொடி சலசலக்கும், மாதக் கணக்கில் நேர்கோட்டில் போகும். ஒன்றின் பலவீனத்தை மற்றது ஈடுகட்டுகிறது. வெளியே வரும் துடிப்பு, அந்தச் சராசரியை ஒட்டியே ஓடும்படி அவ்வப்போது திருத்தப்படும் ஒரு மேசரிலிருந்து வருகிறது. கொலராடோவின் ஷ்ரீவர் படைத்தளத்தில் இன்னொரு மாஸ்டர் கிளாக் தயாராக ஓடிக்கொண்டிருக்கிறது. வாஷிங்டனுக்கு ஏதாவது ஆனால் அது ஏற்றுக்கொள்ளும்.

இந்த நேரத்தை நாம் பெறும் முதல் வழி ஜிபிஎஸ். செயற்கைக்கோள்கள் அனுப்பும் செய்தியிலேயே, ஜிபிஎஸ் நேரத்தை இந்த ஆய்வகத்தின் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்துக்கு மாற்றும் எண்கள் இருக்கின்றன. நானோ விநாடிகளில் துல்லியம். செக்ஸ்டன்டால் (விண்பொருள் தொடுவானத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவி) நட்சத்திரம் பார்த்துக் கப்பலின் இடம் கணிப்பவருக்கு இது தேவைக்குப் பல மடங்கு அதிகம். ஆனால் பொறியும் இங்கேதான். ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6-ல் தொடங்கியது, லீப் செகண்ட் (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யுடிசியில் சேர்க்கும் கூடுதல் விநாடி) சேர்ப்பதில்லை. 2017 ஜனவரி 1 முதல் அது யுடிசியைவிட 18 விநாடி முன்னால் ஓடுகிறது. இந்த 18 என்ற எண் செயற்கைக்கோள் செய்தியில் பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். நெடுநாள் அணைத்து வைத்திருந்த கருவியைப் போட்டவுடன் இடம் சரியாகக் காட்டும், நேரம் மட்டும் அந்தச் செய்தி வந்து சேரும்வரை பழைய எண்ணிலோ, சில கருவிகளில் திருத்தமே இல்லாமலோ நிற்கும்.

முழு 18 விநாடியும் தவறினால் என்ன ஆகும்? தீர்க்கரேகை 4.5 கோண நிமிடம் மேற்கே தள்ளிப்போகும். மோசமான விஷயம் அது இல்லை. நேரப்பிழை எல்லா நட்சத்திரங்களையும் ஒரே அளவு, ஒரே திசையில் நகர்த்தும். எனவே மூன்று நட்சத்திரக் கோடுகள் (ஒவ்வொன்றும் கப்பல் இருக்கக்கூடிய இடங்களைக் காட்டும் கோடு) சந்திக்கும் முக்கோணம் சின்னதாக, அழகாக, நம்பும்படி விழும். செக்ஸ்டன்ட் பிழை முக்கோணத்தைப் பெரிதாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும், கடிகாரப் பிழை காட்டிக்கொடுக்காது. ஆகவே கருவியைப் போட்டுக் குறைந்தது 15 நிமிடம் வானம் தெரியும்படி வைத்திருங்கள். பிறகு அதை இன்னொரு மூலத்தோடு ஒப்பிடுங்கள். கையடக்கக் கருவிகளின் திரை ஒரு விநாடிவரை தாமதமாக எண் மாற்றுவதும் உண்டு. விநாடிக்கு ஒரு மின்துடிப்பை வெளியே தரும் வசதி இல்லாத கருவியில் திரையைப் பார்த்து நேரம் குறித்தால் கால் மைல் போய்விடும்.

2016 ஜனவரி 26-ல் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு பழைய செயற்கைக்கோளைச் சேவையிலிருந்து நீக்கியபோது, யுடிசி மாற்றத்துக்கான எண்கள் சுமார் 13 மைக்ரோ விநாடி பிழையோடு பல செயற்கைக்கோள்களிலிருந்து ஒலிபரப்பாகின. தகவல் தொடர்பு வலைப்பின்னல்களில் எச்சரிக்கை மணிகள் அடித்தன. அதே பிழை நட்சத்திரம் பார்த்து இடம் கணிப்பவருக்கு ஆறு மில்லிமீட்டர். ஒருவருக்கு விபத்து, இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை. இந்த ஆய்வகத்தின் சேவைகளை எடைபோடும்போது யாருக்காக எடைபோடுகிறோம் என்பது முக்கியம்.

அடுத்து என்டிபி. டிக், டாக் என்று பெயரிட்ட இரண்டு சர்வர்கள் இணைய உலகில் பழைய பிரபலங்கள். தொலைவிலிருந்து கேட்டால் போகும் பாதையும் வரும் பாதையும் ஒரே நீளமாக இருக்காது. அந்த வித்தியாசத்தில் பாதி அப்படியே நேரப்பிழையாக நிற்கும். மில்லி விநாடிகளில் இருக்கும் அந்தப் பிழை கடற்பயணத்துக்குப் பொருட்டில்லை. பொருட்டாக வேண்டியது 2012 நவம்பர் 19. அன்று இந்த இரண்டு சர்வர்களும் சுமார் ஒரு மணி நேரம் 2000-ஆம் ஆண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தன. இவற்றை மட்டுமே நம்பிய அலுவலகக் கணினிகள் பன்னிரண்டு ஆண்டு பின்னால் போய், உள்நுழைய முடியாமல் பயனர்கள் தவித்தார்கள். எவ்வளவு உயர்ந்த கடிகாரமானாலும் இடையில் ஒரு மென்பொருள் இருக்கிறது. அமைப்புக் கோப்பில் வெவ்வேறு நிறுவனங்களின் நான்கு சர்வர்களையாவது போடுங்கள். இரண்டு போட்டால் எது பொய் சொல்கிறது என்று தெரியாது. மூன்று இருந்தால் வாக்கெடுப்பு நடத்தலாம். நான்காவது, ஒன்று படுத்துவிட்டாலும் வாக்கெடுப்பு நிற்காமல் இருப்பதற்கு.

தொலைபேசியில் நேரம் சொல்லும் சேவையும் இருக்கிறது. பழைய கம்பித் தொலைபேசிக்கு அருமை. செல்பேசி, இணைய அழைப்பு வழியாகக் கேட்டால் தாமதம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, குத்துமதிப்பாகச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நட்சத்திரங்கள். இங்கேதான் இந்த ஆய்வகத்தின் மிகச் சிறந்த சரக்கு இருக்கிறது: நாட்டிகல் அல்மனாக். பிரிட்டிஷ் அல்மனாக் அலுவலகத்தோடு சேர்ந்து ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். விரித்த இரண்டு பக்கத்தில் மூன்று நாள். சூரியன், சந்திரன், நான்கு கோள்கள், மேஷ முதற்புள்ளி (நட்சத்திரங்களின் இடத்தை எண்ணத் தொடங்கும் வானப் புள்ளி) ஆகியவற்றின் கிரீன்விச் மணிக்கோணம் (கிரீன்விச்சிலிருந்து மேற்கே எவ்வளவு கோணம்) மணிக்கு மணி, 0.1 கோண நிமிடத் துல்லியத்தில். ஓரத்தில் 57 நட்சத்திரங்களின் இடம். சித்திரை, சுவாதி, ரோகிணி, திருவாதிரை, மகம், கேட்டை, திருவோணம், அகத்தியர் எல்லாம் அவற்றின் மேற்கத்தியப் பெயர்களில் அங்கே இருக்கும். துருவ நட்சத்திரத்துக்குத் தனி அட்டவணை.

பயன்படுத்துவதில் மூன்று இடங்களில் கை தவறும். ஒன்று, மூன்று நாள் ஒரே பக்கத்தில் இருப்பதால் பக்கத்து நாளின் கட்டத்திலிருந்து எண் எடுப்பது. இரண்டு, பின்பக்கத்து நிமிட-விநாடி அட்டவணையில் நெடுவரிசை மாறுவது. 59 நிமிடம் 59 விநாடிக்குச் சூரியன்-கோள் வரிசை 14° 59.8' என்று காட்டும், மேஷப் புள்ளி வரிசை 15° 02.2' என்று காட்டும். நட்சத்திரத்துக்குச் சூரிய வரிசையை எடுத்துவிட்டால் மணியின் கடைசி நிமிடங்களில் இரண்டரை மைல்வரை பிழை. மணியின் தொடக்கத்தில் எடுத்த பார்வையில் பிழை தெரியவே தெரியாது, அதனால் பழக்கம் திருந்துவதும் இல்லை. மூன்று, கோள்களுக்கும் சந்திரனுக்கும் உள்ள சிறு திருத்தங்களின் கூட்டல் கழித்தல் குறி. வெள்ளிக்கு மணிக்கோணத்துக்கான ‘வி’ திருத்தம் சில நாட்களில் கழித்தலாக இருக்கும். நடுவரை விலக்கத்துக்கான (வான நடுவரையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோணம்) ‘டி’ திருத்தத்துக்குக் குறி அச்சில் இராது, அடுத்த மணியின் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து நாமே போட வேண்டும்.

புத்தகம் காலாவதியானால் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த ஆண்டு சூரியனுக்கும் நட்சத்திரங்களுக்கும் அதையே பயன்படுத்தும் வழி உள்ளே இருக்கிறது. சூரியனுக்கு, அதே தேதியில் பார்த்த நேரத்துக்கு 5 மணி 48 நிமிடம் முந்தைய எண்களை எடுத்து, மணிக்கோணத்தோடு 87° கூட்டவும். நட்சத்திரத்துக்கு, அதே தேதி அதே நேரத்து மணிக்கோணத்தில் 15.1' கழிக்கவும். லீப் ஆண்டு குறுக்கிட்டால் பிப்ரவரிக்குப் பின் கணக்கு மாறும், அதையும் புத்தகமே சொல்கிறது. சந்திரனுக்கும் கோள்களுக்கும் இந்த வித்தை செல்லாது.

காகிதம் வேண்டாம் என்பவர்களுக்கு ஆய்வகத்தின் இணைய அட்டவணை. தேதி, நேரம், கணித்த அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால், அந்த நேரத்தில் தொடுவானத்துக்கு மேலே உள்ள பயன்தரு விண்பொருள்கள் அத்தனையையும் வரிசையாகத் தரும். ஒவ்வொன்றுக்கும் மணிக்கோணம், நடுவரை விலக்கம், கணித்த உயரம், திசைக்கோணம். கூடவே ஒளிவிலகல், அரைவிட்டம், இடமாறு தோற்றம், அவற்றின் கூட்டுத்தொகை. பழைய கணக்கு அட்டவணைகள்போல முழு டிகிரிக்கு இடத்தைச் சரிக்கட்ட வேண்டியதில்லை, கணித்த இடத்தை அப்படியே கொடுக்கலாம்.

ஒரு பார்வையை எடுத்துப் பார்ப்போம். கண்மட்டம் கடலுக்கு மேல் 9 மீட்டர். செக்ஸ்டன்ட் காட்டியது 31° 24.6'. கருவியின் பூஜ்யப் பிழை 1.2' கூடுதல், எனவே கழிக்க வேண்டும்: 31° 23.4'. தொடுவானத் தாழ்வு, உயரத்தின் வர்க்கமூலத்தை 1.76 ஆல் பெருக்கினால் 5.3'. கழித்தால் 31° 18.1'. இணைய அட்டவணையின் கூட்டுத்தொகை இந்த உயரத்துக்கு -1.6'. வந்தது 31° 16.5'. அட்டவணை கணித்த உயரம் 31° 11.9' என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 4.6', நட்சத்திரத்தின் திசையை நோக்கி. கணித்த இடத்திலிருந்து அந்தத் திசையில் அந்த அளவு (4.6 மைல்) நகர்ந்து, திசைக்குச் செங்குத்தாகக் கோடு போட்டால், கப்பல் இருக்கும் நிலைக்கோடு தயார்.

இதில் நடுவில் வந்த 5.3' எண்ணை இணைய அட்டவணை தராது. கண்மட்டம் அதற்குத் தெரியாதே. ‘கூட்டுத்தொகை’ என்ற தலைப்பைப் பார்த்து எல்லாத் திருத்தமும் முடிந்தது என்று நினைப்பவர்கள் ஐந்து மைலைக் கோட்டைவிடுகிறார்கள். இன்னொன்று, ஒளிவிலகல் சாதாரணக் காற்றுக்கானது. அல்மனாக் 10° செல்சியஸ், 1010 மில்லிபார் என்ற நிலையை எடுத்துக்கொள்கிறது. 35° வெயிலில், 10° உயரத்தில் உள்ள நட்சத்திரத்துக்கு 5.3' என்பது 4.9' ஆகக் குறையும். அல்மனாக்கில் இதற்குத் தனித் திருத்த அட்டவணை உண்டு, இணையத்தில் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். எளிய வழி, 15°-க்குக் கீழே உள்ளவற்றைத் தொடாமல் விடுவது.

இணைய அட்டவணையின் பெரிய குறை, அது ஒரு நேரத்துக்கு ஒரு இடத்துக்கு மட்டுமே பதில் சொல்லும். அந்தியில் நான்கு நட்சத்திரம் பார்க்கக் கால் மணி நேரம் ஆகும். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் கப்பல் அதற்குள் ஐந்து மைல் போயிருக்கும். ஒவ்வொரு பார்வைக்கும் தனியாக நேரமும் கணித்த இடமும் கொடுத்து, பிறகு கோடுகளை ஒரே நேரத்துக்கு நகர்த்த வேண்டும். கப்பலின் ஓட்டத்தையும் சேர்த்தே கணக்கிடும் ஸ்டெல்லா என்ற மென்பொருளை இதே ஆய்வகம்தான் எழுதியிருக்கிறது, ஆனால் அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு மட்டும். நல்லதை உள்ளே வைத்துக்கொண்டு பாதியை வெளியே கொடுத்த கதை.

இணையச் சேவை என்பதால் வரும் ஆபத்தும் உண்டு. 2019 அக்டோபரில் நவீனமாக்கல் என்று தளங்களை மூடினார்கள், பல மாதம் திறக்கவில்லை. அன்றாடம் சூரிய உதயம் பார்ப்பவரிலிருந்து ஆராய்ச்சியாளர்வரை எல்லோரும் வேறு வழி தேடினார்கள். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியே கைவிட்ட விண்மீன் வழிகாட்டல் பாடத்தை 2015-ல் திரும்பக் கொண்டுவந்தது, மின்னணு வழி அடைபடலாம் என்ற பயத்தில். அதே பயம் இணைய அட்டவணைக்கும் பொருந்தும். கப்பலில் புத்தகம் இருக்கட்டும்.

சொந்தமாக நிரல் எழுதுவோருக்கு நோவாஸ். ஃபோர்ட்ரான், சி, பைத்தான் மூன்றிலும் இலவசம். கணக்கு மில்லி கோண விநாடி அளவுக்குப் போகும். ஆனால் எந்த நேரத்தை எந்தச் செயல்கூறு கேட்கிறது என்று படித்துவிட்டுத் தொட வேண்டும். பூமிசார் நேரம் (விண்பொருள்களின் இயக்கத்தைக் கணக்கிடப் பயன்படும் சீரான நேரம்) யுடிசியைவிட இப்போது 69.184 விநாடி முன்னால். நட்சத்திரத்துக்கு அந்த இடத்தில் யுடிசியைக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. சந்திரனுக்குக் கொடுத்தால் சுமார் 38 கோண விநாடி, அதாவது 0.6' பிழை. மாறாக, பூமியின் சுழற்சி நேரம் கேட்கும் இடத்தில் பூமிசார் நேரத்தைக் கொடுத்தால் 17.3' தள்ளிப்போகும். முதல் பிழை சோதனையில் நட்சத்திரத்தை மட்டும் வைத்துப் பார்ப்பவரிடம் மாட்டாது, எனவே சோதனையில் சந்திரனையும் சேர்த்து, அல்மனாக்கோடு ஒப்பிடுங்கள்.

இந்த ஆய்வகத்தின் நட்சத்திரப் பட்டியல்கள் தனிக் கதை. யுகேக்-4 பட்டியலில் 11 கோடிக்கு மேல் நட்சத்திரங்கள், யு.எஸ்.என்.ஓ.-பி 1.0-ல் நூறு கோடிக்கு மேல். செக்ஸ்டன்டுக்கு இவை தேவையில்லை. விமானத்திலும் ஏவுகணையிலும் தானாக நட்சத்திரம் பிடிக்கும் கருவிகளுக்குத்தான் தேவை. எஸ்ஆர்-71 உளவு விமானம் பகலிலேயே நட்சத்திரம் பார்த்து வழி கண்டது, ட்ரைடன்ட் ஏவுகணை பறக்கும்போதே நட்சத்திரம் பார்த்துத் திசையைத் திருத்திக்கொள்கிறது. அங்கே பழைய பட்டியலை வைத்து ஓட்ட முடியாது. சுவாதி ஆண்டுக்கு 2.28 கோண விநாடி நகர்கிறது. 1991-ன் இடத்தை அப்படியே எடுத்தால் 2025-ல் 1.3' விலகியிருக்கும். 2025-ல் ஓய்வுபெற்ற ஐரோப்பாவின் காயா விண்கலம் நட்சத்திரங்களை அளந்து தந்திருக்கும்போது இவர்கள் எதற்கு என்று கேட்கலாம். காயாவின் கண்ணுக்கு மிகப் பிரகாசமான நட்சத்திரங்கள் கூசின. வழிகாட்டும் கருவிகளுக்கு வேண்டியவையோ அந்தப் பிரகாசமானவைதான். ஆகவே தரையிலிருந்து அவற்றை அளக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

கடைசியாக, யாரும் கண்டுகொள்ளாத புல்லட்டின் ஏ. வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை வருகிறது. அணுக்கடிகாரம் சொல்லும் யுடிசிக்கும், பூமி உண்மையில் எவ்வளவு சுற்றியிருக்கிறது என்று சொல்லும் யுடி1-க்கும் உள்ள வித்தியாசம் அதில் இருக்கும், வரும் நாட்களுக்கான கணிப்போடு. அல்மனாக்கும் இணைய அட்டவணையும் கேட்பது யுடி1. எல்லோரும் கொடுப்பது யுடிசி. 2023 முதல் 2025 வரை வித்தியாசம் 0.1 விநாடிக்குள்ளேயே இருந்ததால் யாருக்கும் வலிக்கவில்லை. 2017 தொடக்கத்தில் அது ஏறத்தாழ 0.6 விநாடி, பூமத்திய ரேகையில் 280 மீட்டர். செக்ஸ்டன்டின் கைநடுக்கத்தில் அது மறைந்துவிடும், தானியங்கிக் கருவியில் மறையாது.

லீப் செகண்ட் இருக்கும்வரை இந்த வித்தியாசம் 0.9 விநாடியைத் தாண்டாது. 2035-க்குள் அந்த வரம்பைப் பெரிதாக்குவது என்று 2022-ல் எடைகள், அளவைகளுக்கான பொது மாநாடு முடிவெடுத்துவிட்டது. அதன் பிறகு அட்டவணையில் நேரம் போடும் முன் புல்லட்டின் ஏ-வின் எண்ணைக் கூட்டுவது கட்டாயமாகிவிடும். கடலில் அந்த எண்ணைப் பெறும் பழைய வழி, டபிள்யூடபிள்யூவி சிற்றலை நேர ஒலிபரப்பில் ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் வரும் இரட்டை டிக் ஒலிகளை எண்ணுவது. முதல் எட்டு விநாடிகளில் இரட்டித்தால் கூட்டல், அடுத்த எட்டில் இரட்டித்தால் கழித்தல், ஒரு டிக்குக்கு 0.1 விநாடி. 0.8-க்கு மேல் சொல்ல அந்த முறையில் இடம் இல்லை.